வெள்ளத்தின் நடுவே வறட்சி

குருதியிலே சர்க்கரை பெருக்கெடுத்தோடுகிறது. உடலோ பசியால் உருகுகிறது! ஆற்றங்கரையில் நின்றும் நாவறண்டு சாய்கிறான் மனிதன். நீரிழிவின் கொடுமை இதுதான். 1921-க்கு முன்பு இந்நோய் கண்ட சிறுவர்க்கு மருத்துவம் தந்தது என்ன? பட்டினி! உணவைக் குறைத்துக் குறைத்து, எலும்பும் தோலுமாக்கி, சாவைச் சிறிது தள்ளிவைத்தனர். அவ்வளவே.

அந்த ஆண்டில்தான் கனடாவின் டொராண்டோ நகரில், மெக்லவுடின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங்கும் பெஸ்ட்டும் விலங்கின் கணையத்திலிருந்து சாறெடுத்தனர். 1922 சனவரி 11-இல் 14 வயது லெனார்டு தாம்சனுக்கு அது செலுத்தப்பட்டது; பயனில்லை. காலிப் அதனைத் தூய்மையாக்கித் தந்தார். 12 நாள் கழித்து மீண்டும் ஊசி. சிறுவன் பிழைத்தான்!

மருந்து கிடைத்தது. உள்ளே சென்று அது ஆற்றும் பணி யாது? சர்க்கரையை எரிக்கிறதா? கலைப்பட்டம் பெற்ற நாம், வேதியியல் நமக்கேன் என ஒதுங்கியிருந்தவர்தாம். எனினும் இக்கேள்வி நம்மை விடவில்லை.

1949-இல் சிகாகோவில் லெவீனும் அவர்தம் தோழர்களும் ஒரு சூழ்ச்சி செய்தனர். கேலக்டோஸ் என்றொரு சர்க்கரை. தசை அதனை எரிக்க அறியாது. வயிற்றுறுப்புகளை அகற்றிய நாய்களின் குருதியில் அதனை ஏற்றி, இன்சுலினும் தந்தனர். எரிப்பதே இன்சுலினின் தொழிலாயின், கேலக்டோஸ் குறைய வழியேது? குறைந்தது! எங்கே போயிற்று? உயிரணுக்களுக்குள்! ஆக, இன்சுலின் அடுப்பூதும் ஆளல்ல. கதவு திறப்பிக்கும் தூதுவன். எரியாத விறகைக் கொண்டே அடுப்பின் உண்மையை அறிந்தனரே, அந்த அறிவுக்கூர்மையை என்னென்பது!

தூதுவனின் உருவம் பிறகு தெரிந்தது. 21, 30 என அமினோ அமிலங்கள் கோத்த இரு சங்கிலிகள் என 1955-க்குள் சாங்கர் கணக்கிட்டார். அவற்றின் மடிப்பையும் வளைவையும் 1969-இல் டோரதி ஹாட்ஜ்கின் காட்டினார்.

கதவு எங்கே? 1980-இல் இரு குழுவினர் தனித்தனியே கண்டனர்: உயிரணுவின் உள்ளேயே, சிறு பைகளில் அடங்கிக் கிடக்கிறது! மேற்பரப்பிலுள்ள ஏற்பியில் இன்சுலின் வந்தமர்கிறது. ஏற்பியின் உட்பகுதி விழித்துத் தன்மீதே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கிறது. செய்தி கைமாறிக் கைமாறி உள்ளே செல்கிறது. பைகள் மேலெழுந்து சுவரோடு இணைய, தசையிலும் கொழுப்பிலும் சர்க்கரை நுழைகிறது. இன்சுலின் அகன்றதும் கதவுகள் உள்ளே மீள்கின்றன.

சிலர் உடலில் கணையம் சுரக்கிறது, தூதுவனும் வருகிறான். உள்ளே செய்திதான் சரிவர எட்டுவதில்லை. நீரிழிவுற்றோரில் மிகப் பலர் இவ்வகையினரே.