பாரதியார் சாலையின் மறுபாதி

காரைக்கால் பாரதியார் சாலையிலும் அதையொட்டிய மாதா கோயில் வீதி, லெமேர் வீதிகளிலும் நிற்கும் பழைய மாடி வீடுகளைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விதான் என்னை ஆவணக் காப்பகங்களுக்குள் இழுத்துப் போனது. கீழே ஜவுளிக்கடை, நகைக்கடை, செருப்புக்கடை. மேலே சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த கைப்பிடிச் சுவர், தேக்குச் சன்னல், இரும்பு உத்தரம். காரைக்கால் நெல் விளையும் ஊர், மீன் இறங்கும் ஊர். அந்த வரும்படி மட்டும் இத்தனை தேக்கை வாங்கியிருக்குமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

முதலில் காலத்தை வரையறுக்க வேண்டியிருந்தது. தஞ்சை மராத்திய அரசரோடு புதுச்சேரி ஆளுநர் துய்மா பேசி முடித்த உடன்பாட்டின்படி, 1739 பிப்ரவரி 14 அன்று பிரெஞ்சுக்காரர் இந்த ஊரைக் கைக்கொண்டனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்குவதால் அந்தப் பேரத்தின் காலம் அதற்குள் வருகிறது. ஆனால் பிள்ளையின் கண் கப்பலிலும் சரக்கிலும் ஆளுநர் மாளிகையிலும் இருந்தது. காரைக்கால் தெருவில் யார் வீடு யாருக்குப் பக்கத்தில் என்பதை அவர் சொல்லவேண்டிய தேவையும் இல்லை. 1760 ஏப்ரலில் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு பலமுறை கைமாறி, 1817இல்தான் பிரெஞ்சுக்காரரிடம் நிலையாகத் திரும்பியது. கொடி அடிக்கடி மாறிய ஊரில் யாரும் பெரும் பணத்தைச் செங்கல்லில் போடத் துணிந்திருக்க மாட்டார்கள். எனவே 1817க்குப் பிறகுதான் தேட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அடுத்த தடயம் கூரையில் கிடைத்தது. ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் இறக்கி அடுக்கியிருந்த ஓடுகளில் ஒன்றைப் புரட்டினேன். பாசி படிந்த அடிப்பக்கத்தில் பாசல் மிஷன், மங்களூர், 1865 என்ற முத்திரை. இந்த 1865 பலரை ஏமாற்றியிருக்கிறது. அது ஆலை தொடங்கிய ஆண்டு, ஓடு சுட்ட ஆண்டு அல்ல. இருபதாம் நூற்றாண்டில் சுட்ட ஓட்டிலும் அதே எண் இருக்கும். ஆகவே அந்த ஓடு தருவது கீழ் எல்லை மட்டும்: கூரை போட்டதோ மாற்றியதோ 1865க்கு முன்பு இல்லை. இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். பேரளம் – காரைக்கால் ரயில் பாதை 1898 மார்ச் 14 அன்று திறக்கப்பட்டது. ஓடும் உத்தரமும் மாட்டு வண்டியை நம்பாமல் ஊருக்குள் வந்துசேர அதன்பின் வழி இருந்தது. வீதியின் முகம் மாறிய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியும் அடுத்த சில பத்தாண்டுகளும் என்று தேடல் சுருங்கியது.

இனி ஆட்களைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு வீதியை ஆவணத்தில் மீட்டெடுக்க எனக்குத் தெரிந்த நம்பகமான வழி நான்கெல்லை. ஒவ்வொரு கிரயப் பத்திரமும் கிழக்கே இன்னார் வீடு, மேற்கே இன்னார் மனை, தெற்கே வீதி, வடக்கே வாய்க்கால் என்று சொல்லும். ஒரு பத்திரத்தின் மேற்கெல்லைக்காரர் அடுத்த பத்திரத்தின் உரிமையாளர். அப்படியே கோத்துக்கொண்டு போனால் சங்கிலி நீளும், வீதி வரிசையாக எழுந்து நிற்கும். குடும்பங்கள் இரும்புப் பெட்டியில் காத்துவைத்த பத்திரங்கள் சிலவற்றைப் பார்க்கக் கிடைத்தது. உடல் முழுக்க, பத்திரம் எழுதி உறுதிசெய்யும் அதிகாரியான நொத்தேரின் பிரெஞ்சு எழுத்து, கடைசியில் விற்றவரின் கையெழுத்து மட்டும் தமிழில். குண்டூசி துருவேறித் தாளைத் தின்றிருந்தது.

அந்த எல்லைகளைத் தாளில் எழுதி வரிசைப்படுத்தியபோது தெரிந்த சங்கதி என் தேடலைத் திருப்பிப் போட்டது. நான் ஆண்களின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். எல்லைகளில் வந்தவர்களோ பெண்கள். இன்னார் மகள், இன்னார் மனைவி என்றே வீடுகள் அடையாளம் பெற்றிருந்தன. இந்தக் கரையின் தமிழ் முஸ்லிம்களான மரைக்காயர் குடும்பங்கள் பலவற்றில் வீடு மகளுக்குப் போவது வழக்கம். மருமகன் அந்த வீட்டுக்கு வருவார், பிறகு சபர் போய்விடுவார். கடல் கடந்து பிழைக்கப் போனவரைச் சபுராளி என்பார்கள். பணம் அனுப்பியவர் அக்கரையில், வீட்டுக்கு உரியவர் இக்கரையில். அப்படியானால் கட்டியவர்களைத் தேட வேண்டிய வீதி இந்த ஊரில் இல்லை.

சபர் போனது எங்கே? நாகூர்க்காரர்களுக்குப் பினாங்கும் சிங்கப்பூரும் போல, பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த காரைக்காலாருக்குச் சைகோன். 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தபின் கொச்சின் சீனா எனப்பட்ட தென் வியட்நாம் அவர்களின் குடியேற்ற நாடானது. வணிகர் மட்டும் போகவில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்தச் சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்றவர்கள், குடும்பப் பெயர் ஒன்றைச் சூடிக்கொண்டு அங்கே அரசு வேலையில் அமர்ந்தார்கள். மரைக்காயரும் ராவுத்தரும் பெரும்பாலும் அந்தத் துறப்பை ஏற்காமல் வணிகராகவே போனார்கள். நடாஷா பைரோதோவின் 2016ஆம் ஆண்டு நூல் இந்தப் பிரெஞ்சிந்தியரின் இந்தோசீன வாழ்வை விரிவாகப் பதிந்திருக்கிறது.

இந்தோசீன ஆண்டுக் கையேடுகள் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் உள்ளன. சைகோன் வணிகர் பட்டியலில் நம்மவரைக் கண்டுபிடிக்கச் செவி வேண்டும், கண் மட்டும் போதாது. முகம்மது அங்கே மூகமாதூ, மரைக்காயர் மரிக்கார். ஒரே ஆள் ஒரே பக்கத்தில் இரு வடிவங்களில் வரக்கூடும். நான் பெயரை வாய்விட்டுப் படித்து, தகப்பன் பெயரின் முதலெழுத்தை வைத்துப் பொருத்தினேன். கடை இருந்த இடமாக அடிக்கடி எதிர்ப்பட்டது காத்தினா வீதி. சைகோனின் முதன்மைக் கடைவீதி அது. அங்கே தமிழ் முஸ்லிம்களின் ஜவுளிக்கடைகள் பேர்பெற்றவை. அதற்கு அருகில் 1935இல் அவர்கள் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு நிற்கிறது.

எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் பிரெஞ்சு ஆவணக் காப்பகம், காரைக்காலின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை எண்ணிம வடிவில் திறந்து வைத்திருக்கிறது. அவற்றில் ஒரு வசதி உண்டு: பிரெஞ்சுப் பதிவில் பெண்ணுக்குத் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரே அடையாளம். பத்திரத்தின் எல்லையில் கண்ட பெண்ணைப் பதிவேட்டில் பிடித்து, கணவரை அறிந்து, கையேட்டில் அவர் கடையைத் தேடலாம். இப்படிப் போனால் பாரதியார் சாலைப் பக்கத்து மாடி வீடும் காத்தினா வீதிக் கடையும் ஒரே குடும்பக் கணக்கின் வரவும் செலவுமாகத் தெரியும்.

வீடு இங்கே, கணவர் கடல் கடந்து என்ற வாழ்க்கை இந்த வீதிக்குப் புதிதல்ல என்பதைக் காரைக்கால் அம்மையார் கோயில் சொல்கிறது. சேக்கிழாரின் பெரியபுராணக் கதையில் அம்மையாரான புனிதவதி வணிகர் தலைவர் தனதத்தனின் மகள். நாகப்பட்டினத்து மாப்பிள்ளை பரமதத்தனுக்கு மணமுடித்த தந்தை, மகளை நாகைக்கு அனுப்பவில்லை. தன் வீட்டருகே மாடம் அமைத்துக் குடிவைத்தார். மனைவி இறையருளால் மாங்கனி வரவழைத்த அற்புதம் கண்டு அஞ்சிய பரமதத்தன் கப்பலேறிப் போய் வேறு ஊரில் குடும்பம் வைத்தான். வீடு மகளிடம், கணவன் கடலில் என்ற ஏற்பாடு சேக்கிழார் காலத்திலேயே இந்தக் கரையின் கதைக்குள் இருக்கிறது. ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் பிச்சாண்டவராகிய சிவன் பவழக்கால் சப்பரத்தில் உலா வரும்போது, இந்த மாடிகளிலிருந்தும் மாங்கனிகள் வீசப்படுகின்றன. அந்த உலா மாதா கோயில் வீதியையும் கடந்து வரும். மஸ்தான் சாகிபு தர்கா கந்தூரிக்கும் இதே ஊர் கூடும்.

1954 சைகோன், காரைக்கால் என்ற இரு முனைகளையும் ஒன்றாகத் தொட்டது. மே மாதம் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. நவம்பர் 1 அன்று காரைக்கால் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அங்கிருந்த கடைகளின் கதையும் முடிந்தது. காத்தினா வீதிக்கு இன்று டோங் கோய் என்று பெயர். இங்கே பிரெஞ்சுக் காலத்து நேரு மார்க்கெட் போய்ப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. மாடி வீடுகளும் ஒவ்வொன்றாக இடிந்து வணிக வளாகங்களாகின்றன.

கட்டடத்தைக் காக்க எல்லாராலும் முடியாது; நிலத்தின் விலை அப்படி. ஆனால் அதன் பத்திரத்தைக் காக்க ஒரு பிற்பகல் போதும். இரும்புப் பெட்டிகளில் கிடக்கும் நொத்தேர் தாள்களையும் சைகோன் கடிதங்களையும் ரசீதுகளையும் படமெடுத்து, நான்கெல்லை வரிசையில் அடுக்கி, காரைக்காலிலேயே ஒரு பொது நூலகத்தில் வைக்க வேண்டும். வீட்டை இடிப்பதற்கு முன் ஓட்டின் முத்திரையையும் உத்தரத்தின் எழுத்தையும் பதிந்துகொள்ள வேண்டும். பட்டியல் போடும்போது உரிமையாளர் என்ற இடத்தில் அந்தப் பெண்களின் பெயரை முழுதாக எழுத வேண்டும். அந்தச் சங்கிலியில் ஒரு பத்திரம் தொலைந்தால் இரண்டு பக்கத்து வீடுகளின் வரலாறும் சேர்ந்தே அறுந்துபோகும்.