வெள்ளம் ஒன்று, வாய்கள் பல

"ஹஜ்ரத், நூஹ் நபியின் வரலாறு பாபிலோனியப் புராணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்கிறார்களே, மெய்யா?" நாமக்கல்லிலிருந்து கல்லூரிக்குச் சென்றுவரும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார். அதட்டி அமர்த்துவது எளிது. ஆனால் அதட்டினால் ஐயம் அகலாது. உள்ளே சென்று ஒளிந்துகொள்ளும்.

அவர் படித்த செய்தி பொய்யன்று. 1872 டிசம்பர் 3-ஆம் நாள் இலண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்னும் அறிஞர், நினிவே இடிபாடுகளில் கிடைத்த களிமண் பலகையின் செய்தியை அவையோர்க்கு எடுத்துரைத்தார். கில்காமேஷ் காவியத்தின் 11-ஆம் பலகை அது. பெருவெள்ளம், மரக்கலம், பறவைகளைப் பறக்கவிட்டுப் பார்த்தல் யாவும் அதில் உண்டு. திருக்குர்ஆன் அருளப்பெறுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டது. நம் நாட்டிலும் சதபத பிராமணம் மனுவையும் மீனையும் கூறுகிறது. பாகவத புராணத்தில் அம்மன்னர் திராவிட நாட்டை ஆண்டவராகிறார்.

ஒத்திருப்பதெல்லாம் நகலாகிவிடுமா? 1924-இல் காவிரி கரைபுரண்டது. மோகனூர், பரமத்தி வேலூர்ப் பக்கத்து முதியோர் அதனைப் பேசக் கேட்டிருக்கிறோம். ஒருவர் சொன்னவாறு மற்றவர் சொன்னதில்லை. அதனால் ஒருவரிடமிருந்து மற்றவர் திருடினார் என்போமா? ஒப்புமை மட்டும் கடனுக்குச் சான்றாகாது. அதுவே வெள்ளத்திற்கும் சான்றாகாது என்பதை நேர்மையுடன் ஒப்புவோம். நம் ஈமான் களிமண் பலகையின்மேல் நிற்கவில்லை.

இக்குற்றச்சாட்டும் புதிதன்று. 'முன்னோரின் கட்டுக்கதைகள்' என்று மக்கத்துக் குறைஷியர் எள்ளியதைத் திருமறையே ஒன்பது இடங்களில் பதிந்து வைத்திருக்கிறது, மறைக்கவில்லை. ஒவ்வொரு சமுதாயத்திற்கும் தூதர் அனுப்பப்பட்டார் என்றும் அதுவே அறிவிக்கிறது. அவ்வாறாயின், பழைய மக்களிடம் அச்செய்தியின் சிதறல்கள் எஞ்சியிருப்பதில் நமக்கு வியப்பென்ன?

ஒற்றுமையைக் கண்டவர்கள் வேற்றுமையையும் காண வேண்டும். பலகையின் தலைவர் உத்னபிஷ்டிம் தம் சுற்றத்தார் அனைவரையும் கலத்தில் ஏற்றிக்கொள்கிறார். முடிவில் சாவாமை பெறுகிறார். திருமறையிலோ நூஹ் (அலை) அவர்களின் மகனே கலத்தில் ஏற மறுத்து, தந்தையின் கண்முன் அலையில் மறைகிறான். நபியின் மகன் என்னும் உறவும் அவனைக் காக்கவில்லை. கதை சொல்ல வந்த வேதமன்று. குலப்பெருமையை உடைக்க வந்த வேதம்.

அவ்விளைஞரிடம் நாம் கூறியது இதுவே: "தம்பி, பலகையையும் படியுங்கள், ஹூத் அத்தியாயத்தையும் படியுங்கள். அஞ்ச வேண்டியது கேள்வியை அன்று; மலையேறித் தப்பலாம் என்றெண்ணிய அம்மகனின் செருக்கையே." வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அறிவையும் உறுதியையும் ஒருங்கே அருள்வானாக!