முத்துப்பாரும் பொசுபரசும்: மன்னார்க் கடலை அளந்த வரலாறு

மன்னார்க் கடலின் புகழ் முத்தினால் எழுந்தது. மறிச்சுக்கட்டியில் 1905 ஆம் ஆண்டு நடைபெற்ற சலாபத்தில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதனைக் கண்ட ஆங்கிலக் கம்பனியொன்று 1906 இல் முத்துப்பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. 1907 ஆம் ஆண்டோடு அறுவடை நின்றது. அடுத்த சலாபம் 1925 இலேயே நடைபெற்றது. சிப்பிகளை எண்ணத் தெரிந்தோர், அவற்றை வளர்க்கும் நீரை அளக்கத் தெரிந்திருந்தனரா என்பது ஆராய்தற்குரியது.

முத்துப்பார்களின் நிலையற்ற தன்மையை அரசு முன்னரே உணர்ந்திருந்தது. அதன் வேண்டுகோட்படி 1902 இல் இலங்கை வந்த பேராசிரியர் ஹேர்ட்மன், தம் துணைவர் ஹோர்ணெலுடன் பார்களை ஆராய்ந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளிவந்த அவ்வறிக்கை மணற்பெயர்ச்சி, நீரோட்டம், சிப்பியுண்ணும் மீன்கள், ஒட்டுண்ணிகள் ஆகியவற்றை விரிவாகக் கூறுகின்றது. ஆயினும் சிப்பி வடித்துண்பது நுண்தாவரங்களை. அவை வளர்வதற்கோ நைதரசனும் பொசுபரசும் வேண்டும். கடல்நீரில் மிகச் சிறிதளவே கரைந்துள்ள பொசுபேற்றை எளிதில் அளக்கும் முறை அக்காலத்தில் இருக்கவில்லை. மொலிப்தேற்றுடன் சேர்ந்து தோன்றும் நீல நிறத்தைக்கொண்டு அதனை அளக்கும் முறையை டெனிசே 1920 இல் விளக்கினார். 1923 இல் பிளிமதில் அற்கின்சு அதனைக் கடலாய்வுக்குப் பயன்படுத்தினார்.

அவ்வறிவு இக்கடலுக்கு வந்தது இந்தியக் கரை வழியாகவேயாம். 1947 இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பின்னர் மண்டபத்தில் இயங்கிற்று. அங்கு ஜெயராமன் மன்னார்க் குடாவிலும் பாக்கு நீரிணைப் பகுதியிலும் உவர்ப்பு, ஒட்சிசன், ஊட்ட உப்புக்கள் ஆகியன பருவந்தோறும் மாறுபடுமாற்றை அளந்து 1954 இல் வெளியிட்டார்.

எனினும், களஞ்சியத்தில் நெல் இருப்பது வேறு. அது சோறாவது வேறு. நீரிலுள்ள பொசுபரசின் ஒரு பகுதி சேதனச் சேர்வைகளுக்குள் கட்டுண்டு கிடக்கின்றது. அதனை எல்லா நுண்ணுயிர்களும் ஒரே வகையாகக் கொள்ள இயலாது. ஏரிநீரில் கதிர்வீசும் பொசுபரசைச் சுவடாகக்கொண்டு ஆராய்ந்த இரிக்லர், நீல நிற முறை உண்மையான பொசுபேற்றை மிகைப்படுத்திக் காட்டக்கூடும் என்று 1966 இல் நிறுவினார். ஆகவே ஆய்வாளர் வினாவை நுண்ணுயிரிடமே கேட்கத் தலைப்பட்டனர். சுவடுப் பொசுபரசு எத்துணை விரைவில் உள்ளெடுக்கப்படுகின்றது, சேதனச் சேர்வையைப் பிளக்கும் பொசுபற்றேசு என்னும் நொதியம் எவ்வளவு இயங்குகின்றது, பொசுபரசின்றி வாடிய உயிர் எச்சேர்வையைக் கொடுத்தால் வளர்கின்றது என்பனவே புதிய அளவுகோல்களாயின.

இவ்வேறுபாடு மன்னார்க் குடாவுக்கு அந்நியமானதன்று. பாம்பனை அடுத்த கடலில் திரைக்கோடெசுமியம் என்னும் நீலப்பச்சை நுண்ணுயிர் பெருகியதையும், கடலுயிர்கள் மடிந்ததையும் சாக்கோ 1942 இல் குறித்தார். இந்நுண்ணுயிர் கரைந்துள்ள நைதரசன் வாயுவையே உணவாக்க வல்லது; எனவே அதன் பெருக்கத்துக்கு எல்லையிடக்கூடியவற்றுள் பொசுபரசு முக்கியமானது. பலவற்றால் தொடமுடியாத பொசுபனேற்றுச் சேர்வைகளையும் அது பயன்படுத்தும் என்பதை டயர்மன் குழுவினர் 2006 இல் வெளிப்படுத்தினர். பொசுபேற்றை மட்டும் அளந்தவர் வறிய நீர் என்று எழுதிய இடத்தில், இவ்வுயிருக்கு உணவு இருந்திருக்கக்கூடும்.

முத்துப்பார் அழிந்தமைக்குப் பொசுபரசே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. மிகையான அறுவடையும் நீரோட்டமும் பகையுயிர்களும் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஆயினும் கம்பனியார் கண்ணுக்குத் தெரிந்த சிப்பியை நம்பி 20 ஆண்டுக்கு ஒப்பமிட்டனர். இன்று மன்னாரின் மீனவர் நம்பியிருப்பதும் அதே கடலையே. அதன் வளத்தை மதிப்பிடுவோர், நீரில் உள்ளது எவ்வளவு என்பதோடு, உயிர் கொள்ளக்கூடியது எவ்வளவு என்பதையும் கேட்டறிதல் கடனாகும்.