முதுகில் மண்டையோடு, வாயில் 'கீச்' சத்தம்: யார் இந்த அந்துப்பூச்சி?

இரவில் தாழ்வார விளக்கைச் சுற்றி வந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும் பெரிய அந்துப்பூச்சி. கிட்டப் போய்ப் பார்த்தால் முதுகில் மண்டையோடு மாதிரி ஓர் அடையாளம். தொட்டால் எலிபோல் கத்துகிறது! பலர் செருப்பைத் தேட அது போதும். ஆனால் அடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏன்?

அதன் பெயர் என்ன?

அறிவியல் பெயர் அக்கெரோன்ஷியா லேக்கெசிஸ். வேகமாகப் பறக்கும் 'பருந்து அந்துப்பூச்சி' குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் உலகெங்கும் 1,400க்கும் அதிகமான இனங்கள் உண்டு.

மண்டையோட்டு அடையாளம் கொண்டவை மூன்றே இனங்கள்: அட்ரோபோஸ், ஸ்டிக்ஸ், லேக்கெசிஸ். மூன்றுக்கும் கிரேக்கப் புராணப் பெயர்கள். ஸ்டிக்ஸ், இறந்தவர்களின் உலகில் ஓடும் ஆறு. மற்ற இரண்டும் விதி தேவதைகள். ஆயுள் என்ற நூலை அளப்பவள் லேக்கெசிஸ், வெட்டுபவள் அட்ரோபோஸ். லேக்கெசிஸுக்கு 1798இல் பெயர் சூட்டியவர் டென்மார்க்கின் பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரிசியஸ்.

எங்கெல்லாம் இருக்கிறது?

இந்தியா, இலங்கை, நேப்பாளம் தொடங்கி மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் வரை. வடக்கே சீனா, தெற்கு ஜப்பானிலும் உண்டு. ஹவாயித் தீவுகளுக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டது.

அட்ரோபோஸ் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணப்படுவது. 1991இல் வெளிவந்த 'தி சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்' படத்தின் சுவரொட்டியைப் பார்த்தவர்களுக்கு இந்த அந்துப்பூச்சி வகை ஞாபகம் இருக்கும். பயம் பரவியதில் சினிமாவுக்கும் ஒரு பங்கு உண்டு!

சத்தம் எப்படி வருகிறது?

பூச்சிகளில் பல, சிறகையோ காலையோ உரசித்தான் ஒலி எழுப்பும். இது வேறு மாதிரி. தொண்டைப் பகுதியை விரித்துக் காற்றை உள்ளே இழுக்கும். அப்போது அங்குள்ள சிறு மடிப்பு அதிர்ந்து கரகரவென ஒலிக்கும். காற்றை வெளியே தள்ளும்போது விசில் போன்ற ஒலி வரும். கிட்டத்தட்ட அக்கார்டியன் இசைக்கருவி மாதிரிதான்.

தேன் திருடனா?

ஆமாம். மற்ற பருந்து அந்துப்பூச்சிகள் பலவற்றுக்கு நீண்ட உறிஞ்சுகுழல் இருக்கும், ஆழமான பூக்களில் தேன் குடிக்க. இதன் குழல் குட்டையானது, தடித்தது. தேன்கூட்டுக்குள் நுழைந்து, மெழுகு மூடியைக் குத்தித் தேனை உறிஞ்ச அது வசதி.

தேனீக்கள் சும்மா விடுமா? அட்ரோபோஸ் இனத்தின் உடலில், தேனீக்களின் உடலில் இருப்பது போன்ற கொழுப்பு அமிலங்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். வாசனையால் 'நம்ம ஆள்' என்று தேனீக்களை ஏமாற்றும் தந்திரம் அது. ஆனாலும் எப்போதும் பலிப்பதில்லை. தேன்கூடுகளுக்குள் இறந்த அந்துப்பூச்சிகளும் கிடைப்பதுண்டு.

புழுவைப் பார்த்தால்?

விரல் அளவு தடிமன், 12 சென்டிமீட்டர் வரை நீளம், வால் பக்கம் ஒரு கொம்பு. பச்சை, மஞ்சள், பழுப்பு என நிறம் மாறுபடும். கொம்பு கொட்டாது, விஷமும் இல்லை. சீண்டினால் தாடைகளை 'டிக் டிக்' என்று தட்டி மிரட்டும், அவ்வளவுதான். கத்தரி, உண்ணிச்செடி, முள்முருங்கை போன்றவற்றின் இலைகளைத் தின்னும். முழு வளர்ச்சி அடைந்ததும் மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகும். தொட்டியில் இருந்த புழு திடீரென்று காணாமல் போனால், மண்ணைக் கிளறும் முன் கொஞ்சம் யோசிங்க!

வீட்டுக்குள் வந்துவிட்டால்?

பெரிய அந்துப்பூச்சி வீட்டுக்கு வந்தால் இறந்த உறவினரே வந்திருப்பதாக நம்புவோர் நம் வட்டாரத்தில் உண்டு. கெட்ட சகுனம் என்போரும் உண்டு. உண்மையில் அதை இழுத்து வந்தது உங்கள் வீட்டு விளக்கு.

- விளக்கை அணைத்து, சன்னலைத் திறந்துவிடுங்கள்.
- போகவில்லையா? ஒரு டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வெளியே செடியருகே விடுங்கள்.
- சிறகின் தூள் கண்ணில் பட்டால் உறுத்தலாம். கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

அது கடிக்காது, கொட்டாது. முதுகில் இருப்பது வெறும் செதில்களின் நிறம். அதில் மண்டையோட்டைப் பார்ப்பது நம் கண்தான்.