இந்தியாவின் மின்விசை: ஐந்து பகுதிகளின் கதை

மத்திய அரசாங்கத்தின் அறிக்கைகளைத் தமிழாக்குவது என் தொழில். மின்விசை பற்றிய ஆண்டறிக்கை மேசைக்கு வரும்போதெல்லாம் அதில் ஓர் அட்டவணை தவறாது இடம்பெற்றிருக்கும். வடக்கு, மேற்கு, தெற்கு, கிழக்கு, வடகிழக்கு என்று நாட்டை ஐந்து பகுதிகளாக வகுத்து, ஒவ்வொன்றுக்கும் உற்பத்தி இவ்வளவு, தேவை இவ்வளவு, பற்றாக்குறை இவ்வளவு என நிரல்பட அடுக்கியிருப்பார்கள். கலைப் பட்டம் பெற்ற எனக்கு அவை நெடுநாள்வரை வெறும் எண்களாகவே இருந்தன. 2012-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் கடைசி இரண்டு நாட்களில்தான் அவற்றின் பொருள் விளங்கிற்று.

ஜூலை 30-ஆம் நாள் பின்னிரவு இரண்டரை மணிக்குத் தில்லியில் என் அறையின் விசிறி நின்றது. விடிந்த பின்னரே, நின்றது தில்லி மட்டுமன்று, வடபகுதி முழுவதும் என்பதை அறிந்தோம். மாலைக்குள் பெரும்பாலும் சீராயிற்று. மறுநாள் பகல் ஒரு மணிக்கு வடக்கு, கிழக்கு, வடகிழக்கு ஆகிய மூன்று பகுதிகளும் ஒருசேர வீழ்ந்தன. ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் நிலப்பரப்பு அது. ரயில்கள் நடுவழியில் நின்றன. வங்காளத்து நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர் பல மணி நேரம் வெளியேற இயலாது தவித்தனர்.

அன்று மாலை ஊரிலிருந்து என் அன்னையார் தொலைபேசியில் அழைத்து, "அங்கேயும் கரண்ட் இல்லையாமே?" என்று கேட்டார்கள். அந்த 'உம்'மைக்குக் காரணம் இருந்தது. அவ்விரு நாட்களிலும் தென்பகுதியின் மின்தொகுப்பு சிறிதும் குலையவில்லை. ஆயினும் அதே ஆண்டில், தமிழ்நாட்டின் சிற்றூர்கள் பலவற்றில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேலாக மின்சாரம் இல்லாதிருந்தது. இவ்விரண்டிற்கும் காரணம் ஒன்றே. தெற்கு தனித்திருந்தது. தனித்திருந்தமையால் பிறர் வீழ்ந்தபோது அது வீழவில்லை. தனித்திருந்தமையால் பிறரிடம் மிஞ்சிய மின்சாரமும் அதற்குப் போதிய அளவில் வந்து சேரவில்லை. இந்திய மின்விசையின் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறே இந்தத் தனிமைக்கும் இணைப்பிற்கும் இடையே நடந்த வரலாறு எனலாம்.

தொடக்கத்தில் ஊருக்கு ஊர் தனி விளக்குத்தான். 1897-ஆம் ஆண்டு நவம்பரில் டார்ஜீலிங்கை அடுத்த சித்ராபோங்கில் மலையருவியின் வலிமையால் இயங்கும் 130 கிலோவாட் நிலையம் ஒன்று தொடங்கப்பெற்றது. 1899-இல் கல்கத்தாவில் நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கலாயினர். இரண்டும் பக்கத்துத் தெருக்களுக்கு ஒளி தந்தவை.

தொலைவை வென்ற பெருமை மைசூர் சமஸ்தானத்திற்கு உரியது. கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு யந்திர வலிமை வேண்டியிருந்தது. அருகில் நிலக்கரி இல்லை. காவிரி வீழும் சிவசமுத்திரத்திலோ வலிமை வீணே போய்க்கொண்டிருந்தது. 1902-இல் இவ்விரண்டையும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் நீளமுள்ள கம்பி இணைத்தது. அந்நாளில் உலகின் மிக நீண்ட மின்தொடர்களுள் அதுவும் ஒன்று. 1915-இல் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழைநீர் கோப்போலியில் இறங்கிப் பம்பாயின் பஞ்சாலைகளை இயக்கிற்று. 1932-இல் நீலகிரியின் பைக்காரா கோயம்புத்தூருக்கு வந்தது. அந்நகரில் ஆலைகள் பெருகியதற்கு அம்மின்சாரம் ஒரு முதற்காரணம்.

மின்சாரம் பிறக்கும் இடமும் அது வேண்டப்படும் இடமும் ஒன்றாக அமைவது அரிது என்பதை இவை காட்டின. அதனுடன் மற்றொரு தொல்லையும் உண்டு. நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பதுபோல மின்சாரத்தைப் பெருமளவில் சேர்த்து வைத்தல் எளிதன்று. உண்டாக்கிய கணமே செலவாக வேண்டும். வேண்டிய கணமே உண்டாக வேண்டும்.

நாடு விடுதலை பெற்ற 1947-இல் மொத்த நிறுவுதிறன் 1,362 மெகாவாட். இன்று பெரிய அனல்மின் நிலையம் ஒன்றே அதைவிட மிகுதியாகத் தரும். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறையை வகித்த டாக்டர் அம்பேத்கர், மின்விசையும் நதிநீரும் நாடளாவிய நோக்குடன் திட்டமிடப்பெற வேண்டியவை என்று வலியுறுத்தி வந்தார். 1948-ஆம் ஆண்டின் மின்வழங்கல் சட்டம் மாநிலங்கள்தோறும் மின்வாரியங்கள் அமைய வழிவகுத்தது. அரசியலமைப்புச் சட்டமும் மின்சாரத்தை மத்திய அரசும் மாநிலங்களும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலிலேயே வைத்தது. நடைமுறையில் ஒவ்வொரு மாநிலமும் தன் தேவையைத் தானே பார்த்துக்கொண்டது.

அணைகளின் காலம் அது. 1957-இல் ஹிராகுட் திறக்கப்பெற்றது. 1963-இல் பக்ரா அணை நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பெற்றது. 1966-இல் 9,000 மெகாவாட்டை எட்டிய நிறுவுதிறனில் ஏறத்தாழப் பாதி நீரிலிருந்து கிடைத்தது. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் நீர்த்தேக்கங்கள் வற்றின, ஆலைகள் நின்றன. நீரை மட்டும் நம்பியிருத்தல் ஆகாதென்று கண்டபின் நாடு நிலக்கரியை நாடிற்று.

நிலக்கரியை இயற்கை ஒப்ப வைக்கவில்லை. தாமோதர், சோன், மகாநதி ஆகிய ஆறுகளின் படுகைகளில், அதாவது கிழக்கிலும் நடுநாட்டிலுமே அது குவிந்து கிடக்கிறது. தெற்கிற்கு வாய்த்தவை கோதாவரிப் படுகையின் சிங்கரேணிச் சுரங்கங்களும், 1962 முதல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியுமே. எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வேண்டிய கரியை ஹால்தியா, பாராதீப் முதலிய துறைமுகங்களிலிருந்து கப்பலேற்றிக் கொணர வேண்டியிருந்தது. நம் நாட்டுக் கரியில் சாம்பலும் மிகுதி. நூறு மூட்டை கொணர்ந்தால் முப்பத்தைந்து, நாற்பது மூட்டை சாம்பலாகவே எஞ்சும். கரியை நெடுந்தொலைவு சுமப்பதைவிடச் சுரங்கத்தின் வாயிலிலேயே அதை எரித்து, மின்சாரத்தைக் கம்பியில் அனுப்புதல் சிக்கனம் அன்றோ? 1975-இல் தேசிய அனல்மின் கழகம் தோன்றியது இந்த எண்ணத்தாலேயே. 1982-இல் சிங்க்ரௌலியில் அதன் முதல் நிலையம் இயங்கத் தொடங்கிற்று.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாமற் செல்லுதல் நேர்மையாகாது. 1962-இல் முடிந்த ரிஹந்த் அணையின் நீரில் தம் ஊர்களை இழந்து சிங்க்ரௌலிப் பக்கம் குடியேறியவர்கள் பலர். பின்னர்ச் சுரங்கங்களுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் இடம்விட்டு, அவர்களுள் பல குடும்பங்கள் மீண்டும் பெயர்ந்தன. தொலைநகரங்களின் விளக்குக்காக அவர்கள் தந்த விலை எந்த அட்டவணையிலும் ஒரு பத்தியாக இடம்பெறுவதில்லை.

இனி, கம்பியின் கதைக்கு வருவோம். 1960-களில் நாடு மின்விசைக்காக ஐந்து பகுதிகளாக வகுக்கப்பட்டது. ஒரு பகுதிக்குள் இணைதல் எளிது. பகுதியைப் பகுதியோடு இணைத்தல் அரிது. நம் மின்னோட்டம் விநாடிக்கு 50 சுற்று என்ற கணக்கில் திசைமாறி ஓடுவது. ஒரு தொகுப்பில் சேர்ந்த சுழலிகள் அனைத்தும், ஒரு வண்டியில் பூட்டிய மாடுகளைப்போல, இசைந்து இயங்க வேண்டும். தேவை மிஞ்சினால் இந்த அதிர்வெண் தாழும்; உற்பத்தி மிஞ்சினால் உயரும். பற்றாக்குறை மிக்க தெற்கில் அது தாழ்ந்தும், கரி வளம் மிக்க கிழக்கில் உயர்ந்தும் இருந்த காலத்தில் இரண்டையும் ஒரே நுகத்தில் பூட்ட முடியவில்லை.

இதற்கு ஒரு மாற்று வழி காணப்பட்டது. ஒரு பகுதியின் மின்சாரத்தை முதலில் நேர்மின்னோட்டமாக்கி, மறுபுறத்தில் அப்பகுதிக்கு இசைந்தவாறு மீண்டும் திசைமாறும் மின்னோட்டமாக்கி அனுப்பலாம். மின்சாரம் கடக்கும், அதிர்வெண்ணின் தடுமாற்றம் கடவாது. விந்தியாசலில் 1989-இல் மேற்கும் வடக்கும் இவ்வாறு இணைந்தன. 2003-இல் ஒடிசாவின் தால்செரிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே 2,000 மெகாவாட் கொண்டுவரும் நேர்மின்னோட்டத் தொடர் அமைந்தது. அது வந்து முடிந்த இடம் கோலார் மாவட்டம்! 1902-இல் முதல் நெடுங்கம்பி சென்ற அதே மாவட்டம். இரண்டாம் கம்பி வருவதற்கு இரண்டாண்டு முன்பே தங்கச் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. தேவை மட்டும் தென்னாடு முழுவதும் பரவியிருந்தது.

இதற்கிடையே மற்றப் பகுதிகள் நேரடியாகவே ஒரே தொகுப்பாயின. 1991-இல் கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்தன. 2003-இல் மேற்கும், 2006-இல் வடக்கும் அவற்றுடன் கூடின. தெற்கு ஒன்றே எஞ்சிற்று. 2012-13-இல் அதன் உச்சத் தேவையில் 100-க்கு 18 பங்கு நிறைவேறாதிருக்க, கிழக்கிலும் மேற்கிலும் விலைக்கு மின்சாரம் இருந்தது. கொணரத்தக்க கம்பி போதவில்லை.

கூடியவர்களுக்கும் துன்பம் வந்தது. 2012-இல் மழை தாழ்த்தமையால் வடக்கின் வயல்களில் இறைப்பு யந்திரங்கள் ஓயாது ஓடின. சில மாநிலங்கள் தமக்குரிய பங்கிற்கு மேல் எடுத்தன. பல மின்தொடர்கள் இயங்காதிருந்த வேளையில், மேற்கையும் வடக்கையும் இணைக்கும் பீனா–குவாலியர் தொடர் மிகுந்த சுமையால் துண்டித்துக்கொண்டது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் விலகின. முதல்நாள் 36,000 மெகாவாட் அளவிலும் மறுநாள் 48,000 மெகாவாட் அளவிலும் வழங்கல் நின்றது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் அளவு மீறின் அனைவரும் பட்டினி கிடக்க நேரும் என்பதே அதன் பாடம்.

அப்பாடத்தைக் கேட்டுத் தெற்கு விலகியே நின்றிருக்கலாம். அவ்வாறு நிகழவில்லை. கட்டுப்பாடும் கண்காணிப்பும் இறுக்கப்பட்டன. 2013 டிசம்பர் 31-ஆம் நாள், ராய்ச்சூர்–சோலாப்பூர் தொடரின் வழியே தென்பகுதியும் இணைந்து நாடு முழுவதும் ஒரே தொகுப்பாயிற்று. அதன் உறுதிக்குச் சோதனை 2020 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு வந்தது. நாடெங்கும் மக்கள் ஒன்பது நிமிடம் விளக்கணைத்தபோது தேவை சில நிமிடங்களில் ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்து, உடனே எழுந்தது. நொடியில் தணியவும் பெருகவும் வல்ல நீர்மின் நிலையங்கள் அந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கின. எங்கும் இருள் சூழவில்லை.

இணைப்பின் பயன் இன்று பருவந்தோறும் தெரிகிறது. தெற்கின் தேவை கோடை முற்றும் மார்ச், ஏப்ரலில் உச்சம் பெறுவது; வடக்கின் தேவை ஜூனிலும் அதற்குப் பின்னும். 2024 ஜூனில் வடபகுதியின் உச்சத் தேவை 89,000 மெகாவாட்டை எட்டிற்று. அந்த ஜூனில்தான் தென்மேற்குக் காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் புகுந்து காற்றாலைகளைச் சுழற்றத் தொடங்குகிறது. வடகிழக்கின் உச்சமோ 4,000 மெகாவாட் அளவினது. அருணாசலத்து ஆறுகளில் உறங்கும் வலிமை அதைப்போல் பன்மடங்கு. ஒருவர் மிகை மற்றவர் குறையை நிரப்ப இயற்கையே வழி செய்திருக்கிறது.

நாடு முழுவதன் உச்சத் தேவை 2024 மே 30-ஆம் நாள் ஏறத்தாழ 2,50,000 மெகாவாட்டாக உயர்ந்தது. 2025-இன் நடுவில் நிறுவுதிறன் 4,85,000 மெகாவாட் அளவை எட்டியபோது, அதில் பாதி நீர், காற்று, கதிரவன், அணு முதலிய கரியல்லாத வழிகளைச் சார்ந்ததாக இருந்தது. இவ்வெண்ணைப் படிக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. நிறுவுதிறன் என்பது பாத்திரத்தின் கொள்ளளவு. கறந்த பாலின் அளவன்று. இரவில் கதிரவன் இல்லை. காற்றும் எப்போதும் வீசுவதில்லை. 2023-24-இல் நாம் உண்மையில் பயன்படுத்திய மின்சாரத்தில் நான்கில் ஏறத்தாழ மூன்று பங்கு நிலக்கரியே தந்தது.

நண்பகலில் ராஜஸ்தானத்துப் பாலையில் சூரிய மின்சாரம் பெருகுகிறது. ஏற்றிச் செல்லும் கம்பி போதாமையால் சில வேளைகளில் உற்பத்தியைக் குறைக்கவும் நேர்ந்திருக்கிறது. அந்தி சாய்ந்ததும் வீடுதோறும் விளக்கு ஏறும்; கதிரவன் இறங்கியிருப்பான். இடத்திற்கும் இடத்திற்கும் இருந்த இடைவெளியைக் கம்பி குறைத்தது. பகலுக்கும் இரவுக்கும் உள்ள இடைவெளியைக் கம்பியால் மட்டும் கடக்க இயலாது. மின்கலங்களும், கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களின் பிற்பகுதியிலேயே அமைந்ததைப்போன்ற நிலையங்களும் இனி இன்றியமையாதவை. மின்சாரம் மிஞ்சும்போது நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கிச் சுழலியை ஓட்டும் முறை அது.

2018 ஏப்ரல் 28-ஆம் நாள் மணிப்பூரின் லெய்சாங் சிற்றூரில் மின்சாரம் சேர்ந்ததும், கம்பி எட்டாத ஊர் நாட்டில் இல்லை என அரசு அறிவித்தது. ஊரின் பத்தில் ஒரு பங்கு வீடுகள் இணைப்புப் பெற்றாலே அவ்வூர் மின்சாரம் பெற்றதாகக் கொள்ளப்படும் என்பது அக்கணக்கின் விதி. மீதி வீடுகளுக்கான பணி அதன்பின் விரைந்தது. ஊருக்குக் கம்பி வருதல் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு நின்றெரிதல் வேறொன்று.

இப்பொழுதும் அந்த ஐந்து பகுதிகளின் அட்டவணை என் மேசைக்கு வருகிறது. பற்றாக்குறைப் பத்தியில் முன்பிருந்த பேரெண்கள் பெரிதும் சிறுத்துவிட்டன. பொறியியல் நுணுக்கங்களை நான் முற்றும் அறியேன். ஆயினும் ஒரு பகுதி தனக்குரிய பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை மற்றொரு பகுதிக்கு அனுப்புகிறது என்பதை அவ்வெண்கள் சொல்கின்றன. சிங்க்ரௌலியின் மக்களுக்கும் நாம் செலுத்த வேண்டிய பங்கு ஒன்று உண்டு. அதற்கும் ஒரு பத்தி அந்த அட்டவணையில் சேருமாயின், அதைத் தமிழாக்கும் பணி எனக்கு மகிழ்ச்சி தருவதாகவே இருக்கும்.