பந்தல் போட்ட தேயிலை

ஜப்பானில் கியோட்டோவுக்குத் தெற்கே உஜி என்றொரு ஊர். ஏப்ரல் பிறந்ததும் அங்கே தேயிலைத் தோட்டங்களில் பந்தல் வேலை ஆரம்பிக்கும். கம்பம் நட்டு, மேலே நாணல் தட்டி பரப்பி, சில நாள் கழித்துத் தட்டியின் மேல் வைக்கோலையும் தூவுவார்கள். நடுப்பகலில் உள்ளே நுழைந்தால் அந்தி சாய்ந்த மாதிரி இருக்கும். இருபது நாளோ அதற்கு மேலோ செடியை இப்படி இருட்டில் வைத்திருந்து, மே மாதத்தில் கொழுந்தைக் கிள்ளுவார்கள். இன்றைக்குப் பல தோட்டங்களில் நாணலும் வைக்கோலும் போய்க் கறுப்பு வலை வந்துவிட்டது. மூடுவது மட்டும் நிற்கவில்லை.

செடிக்கு வெயில் வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு இது விபரீதமாகத்தான் படும். முதலில் பனிக்குப் பயந்துதான் மூடினார்கள். 1577-ல் ஜப்பானுக்கு வந்து முப்பது ஆண்டுக்கு மேல் அங்கே வாழ்ந்த போர்த்துகீசிய இயேசு சபைக்காரர் ஜோவாவ் ரோட்ரிகஸ், இளங்கொழுந்து பனியில் கருகாமல் இருக்க உஜிக்காரர்கள் தோட்டத்தையே மூடிவைப்பதை எழுதிவைத்திருக்கிறார். மூடிய செடியின் இலையில் துவர்ப்பு குறைந்து, வேறொரு ருசி நாக்கில் தங்கி நிற்பதை யாரோ கண்டுகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பந்தல் பனிக்காக அல்ல, ருசிக்காக. அந்த இலையைக் கல் இயந்திரத்தில் அரைத்தால் மாட்சா. 1835-ல் எடோ நகரத்துத் தேயிலை வியாபாரி யமமோட்டோ கஹேய், அதே நிழல் இலையை அரைக்காமல் ஆவியில் அவித்து உருட்டி உலர்த்தும் வழியைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அந்தத் தேயிலைக்குப் பெயர் கியோகுரோ. மணி போன்ற பனித்துளி என்று பொருள்.

இந்த நிழலுக்குள்தான் நம் கதைக்குரிய பொருள் இருந்தது. ஆனால் அதைத் தேடி யாரும் வரவில்லை. தேநீருக்கு இருந்த புகழெல்லாம் தூக்கத்தை விரட்டுவதற்காக. காஞ்சிபுரத்து இளவரசர் என்று நாம் உரிமை கொண்டாடும் போதிதர்மர், தவத்தில் கண்ணயர்ந்துவிட்ட கோபத்தில் இமைகளை அறுத்தெறிந்தார், அவை விழுந்த இடத்தில் முளைத்ததே தேயிலைச் செடி என்று அந்தப் பக்கத்தில் ஒரு கதை உண்டு. இமை இல்லாவிட்டால் தூக்கம் ஏது! 1827-ல் தேயிலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 'தேயின்' என்று பெயரிட்டார்கள். சில ஆண்டுகளிலேயே அது காபியில் இருக்கும் காஃபீனேதான், வேறில்லை என்று தெரிந்து, அந்தப் பெயர் வழக்கொழிந்தது. விழிப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது, ருசிக்குத்தான் கிடைக்கவில்லை.

அதற்கான வழியைத் திறந்தவர் கியோட்டோவில் பிறந்த கிகுனே இகெடா. 1908-ல் கொம்பு என்னும் கடற்பாசி ரசத்தின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டுபிடித்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். மறு ஆண்டே அது அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. நம் அறுசுவைக் கணக்கில் உமாமிக்கு இடமில்லை. ஆனால் எலும்பு ரசத்திலும் கருவாட்டிலும் அதை நாம் நன்றாகவே அறிவோம்.

1950-ல், போரில் தோற்ற ஜப்பான் இன்னும் அமெரிக்க ஆக்கிரமிப்பில் இருந்தபோது, கியோட்டோ மாகாணத் தேயிலை ஆய்வு நிலையத்தின் தலைவர் யாஜிரோ சகாடோ, கியோகுரோ இலையிலிருந்து அதுவரை யாரும் அறியாத ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்ததை வெளியிட்டார். தேயிலையின் உட்பொருட்கள் பற்றி அவர் எழுதிவந்த ஆய்வு வரிசையில் அது மூன்றாவது. குளூட்டமிக் அமிலத்தின் வாலில் எத்தில் அமீன் என்ற சிறு துண்டு ஒட்டியது போன்ற வடிவம் அதற்கு. அஜினோமோட்டோவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். சகாடோ வைத்த பெயர் தியானின்.

தமிழில் எழுதிப் பார்த்தால் தியானம் என்று காதில் விழுகிறது. சம்பந்தமில்லை. தேயிலைச் செடிக்கு லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர் தேயா சினென்சிஸ். அதிலிருந்து வந்தது. பின்னாளில் செடியின் பெயரைக் கமேலியா சினென்சிஸ் என்று மாற்றிவிட்டார்கள், பழைய பெயர் இந்த வேதிப்பொருளில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கிறது. உண்மையில் தியானம் என்ற சொல்லின் திரிபு வேறொன்று இருக்கிறது: ஜென். ஜப்பானில் தேநீரைப் பரப்பியதில் பெரும்பங்கு ஜென் துறவிகளுக்கு. இந்தப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை.

பந்தலின் ரகசியமும் பிறகு வெளிப்பட்டது. தியானின் பெரும்பாலும் உருவாவது இலையில் அல்ல, வேரில். மண்ணிலிருந்து எடுத்த நைட்ரஜனைச் செடி குளிர்காலம் முழுக்க இந்த வடிவில் சேர்த்துவைத்து, வசந்தத்தில் கொழுந்துக்கு ஏற்றி அனுப்புகிறது. அதனால்தான் முதல் கிள்ளலுக்கு அத்தனை மதிப்பு. மேலே ஏறிய தியானின் மீது வெயில் விழுந்தால் அது உடைகிறது. உடைந்த துண்டைச் செடி கேட்டகினாக மாற்றுகிறது என்று 1968-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். கேட்டகின்தான் தேநீரின் துவர்ப்பு. ஆக வெயில் பட்ட கொழுந்து துவர்க்கும், நிழலில் நின்ற கொழுந்து ருசிக்கும். உஜி விவசாயி நானூறு ஆண்டாகச் செய்துவந்தது, இந்த மாற்றத்தை நடுவழியில் நிறுத்திவைப்பதைத்தான்.

தேயிலையையும் அதன் உறவுச் செடிகள் சிலவற்றையும் விட்டால் இயற்கையில் தியானின் அபூர்வம். ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் ஒரு காளானில் 1960-ல் கண்டார்கள்.

1964-ல் ஜப்பான் இதை உணவில் சேர்க்க அனுமதித்தது. எதற்காக? ருசிக்காகத்தான். அமைதி, மனம் என்ற பேச்சே அப்போது பெரிதாக இல்லை. 1971-ல் ஆய்வக விலங்குகளில், காஃபீன் தரும் பரபரப்பைத் தியானின் தணிப்பதை கிமுரா, முராட்டா என்ற இருவர் பதிவு செய்தார்கள். அதன் பிறகும் நெடுநாள் பேச்சில்லை. காரணம் எளிது. உலர்ந்த தேயிலையில் தியானின் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஒரு கிலோ இலையை முழுக்கக் கசக்கிப் பிழிந்தாலும் பத்து இருபது கிராம். சோதனைக்கே கட்டுப்படியாகாது. தொண்ணூறுகளில் டையோ ககாகு என்ற ஜப்பானிய நிறுவனம், பாக்டீரியா நொதியைக் கொண்டு குளூட்டமினையும் எத்தில் அமீனையும் சேர்த்துத் தியானின் செய்யத் தொடங்கிய பிறகுதான் மனிதர்களிடம் சோதிக்கும் அளவுக்குச் சரக்கு கிடைத்தது.

1999-ல் வெளிவந்த கட்டுரைதான் தியானினை அமைதியின் பொருளாக உலகுக்கு அறிமுகம் செய்தது. முதல் ஆசிரியர் அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த, இந்தியாவில் பிறந்த லேக் ராஜ் ஜுனேஜா. பதினெட்டு முதல் இருபத்திரண்டு வயதுப் பெண்களுக்கு 50 அல்லது 200 மில்லிகிராம் கொடுத்து, தலையில் மின்முனைகளை ஒட்டி அளந்தார்கள். சுமார் நாற்பது நிமிடத்தில் ஆல்ஃபா அலைகள் கூடின. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-ல் உலகுக்குக் காட்டிய அலைகள் அவை. கண்ணை மூடி, ஆனால் தூங்காமல், சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூளையில் எழுபவை. நினைவிருக்கட்டும்: சரக்கை விற்பவரே செய்த ஆய்வு அது. அதற்காகப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது, அப்படியே விழுங்கிவிடவும் முடியாது.

மூளையில் என்ன நடக்கிறது? நரம்புகளைக் கிளர்த்தும் முக்கியமான தூதுப்பொருள் குளூட்டமேட். தியானினுக்கு அதே முகஜாடை. குளூட்டமேட் போய் உட்காரும் இருக்கைகளில் இதுவும் துண்டு போட்டு இடம் பிடிக்கப் பார்க்கிறது. பிடிமானம் பலவீனம். இந்த விளக்கத்தில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தனித் தியானினைவிட, காஃபீனோடு சேர்ந்த தியானின்தான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. தேயிலையே இரண்டையும் ஒரே இலையில் வைத்திருக்கிறது அல்லவா? தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செய்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில், 200 மில்லிகிராம் தியானினும் 160 மில்லிகிராம் காஃபீனும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கவனத்தைச் சோதிக்கும் பரீட்சைகளில் கை வேகம் கூடியது.

ஆனால் 200 மில்லிகிராம் என்பது எத்தனை கப்? பிரிட்டனில் 2011-ல் அளந்து பார்த்தார்கள். 200 மில்லி கறுப்புத் தேநீரில் சராசரி 24 மில்லிகிராம், பச்சைத் தேநீரில் வெறும் 8. 'கிரீன் டீ குடி, மனசு அடங்கும்' என்று சொல்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். இலை எவ்வளவு நேரம் நீரில் ஊறுகிறது என்பதைப் பொறுத்தே அளவு மாறியது. கொஞ்சம் பால் சேர்த்தால் வித்தியாசமில்லை, நிறையச் சேர்த்தால் குறைகிறது. நம் ஊர் டீயின் நிலையை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆய்வில் கொடுத்த அளவை எட்ட, கறுப்புத் தேநீரே எட்டுக் கப்புக்கு மேல் வேண்டும். அத்தனையும் குடித்தால் காஃபீன் சும்மா இருக்குமா?

மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும், அறிவு கூர்மையாகும் என்று தியானின் பெயரில் எழுதி விற்கலாமா என்ற கேள்வி ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் போனபோது, 2011-ல் அது தந்த பதில்: காரண காரிய உறவு நிறுவப்படவில்லை. என் தீர்ப்பும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஏதோ செய்கிறது, மெல்லச் செய்கிறது, மாத்திரை டப்பாவில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு அல்ல.

ருசியில் மட்டும் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் கைக்கு என்றைக்காவது கியோகுரோ கிடைத்தால், கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றிவிடாதீர்கள். சூட்டில் துவர்ப்பு முந்திக்கொள்ளும், தியானினுக்கோ வெதுவெதுப்பே போதும். நீரை 50, 60 பாகைக்கு ஆறவிட்டு, இலை நனையும் அளவுக்குக் கொஞ்சமாக ஊற்றி, இரண்டு நிமிடம் பொறுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். முதல் மடக்கு டீ மாதிரியே இருக்காது. உப்புப் போடாத பருப்புத் தண்ணீர் போல இருக்கும்.