தொடர் நிறைவும் சுவைஞர் தேட்டமும்: வத்தேகமப் பகுதி குறித்த ஒரு வரலாற்று நோக்கு

கண்டி நகரின் வடகிழக்கே, மாத்தளைக்குச் செல்லும் இருப்புப் பாதையில் அமைந்த சிறு நகரம் வத்தேகம. 1880 ஆம் ஆண்டில் அப்பாதை மாத்தளை வரை நீட்டப்பட்டபோது, தோட்டங்களின் விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதே அதன் முதன்மை நோக்கமாயிருந்தது. இந்நகரிலிருந்து பிரியும் வீதிகள் பன்விலை, மடுல்கலை, எல்கடுவ ஆகிய இடங்களை நோக்கிச் சென்று நக்கிள்ஸ் மலைச்சாரலின் தேயிலைத் தோட்டங்களை அடைகின்றன. சிங்களக் கிராமங்களும், தமிழ்த் தொழிலாளர் வாழும் லயன்களும், முஸ்லிம் வணிகரின் கடைகளும் ஒன்றையொன்று அடுத்திருக்கும் பகுதி இது. இத்தகைய பகுதியின் வரலாற்றை எழுத முனைவோர் ஊதியம், குடியுரிமை, கல்வி என்பனவற்றை ஆராய்வது இயல்பே. ஆயின், வேலை முடிந்த மாலை வேளையில் இம்மக்கள் எக்கதையைக் கேட்டனர், அக்கதை முடிவுற்றதும் எதனை நாடினர் என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. இவ்வினா அற்பமானதன்று. யார் யாருக்குக் கதை சொல்லினர் என்பதை அது காட்டித்தருகின்றது.

வானொலியும் தொலைக்காட்சியும் வருமுன்னரும் தோட்ட மக்கள் தொடர்கதையை அறிந்திருந்தனர். மாசி மாதத்தில் காமனை ஊன்றுவதில் தொடங்கி, ரதி மதன் திருமணம், சிவனின் தவம் கலைதல், காமதகனம், ரதியின் புலம்பல், மதன் மீண்டும் உயிர்பெறுதல் எனப் பல நாள்களுக்கு நீளும் காமன் கூத்து, உண்மையில் ஒரு தொடர் நாடகமே. பொன்னர் சங்கர் கூத்தும் அருச்சுனன் தபசும் இவ்வாறே இரவுகளை நிறைத்தன. இக்கூத்துகள் முடிவுற்றதும் எவரும் வேறு கதையைத் தேடி அலையவில்லை. முடிந்த கதை அடுத்த ஆண்டு மீண்டும் வரும் என்பதை அனைவரும் அறிவர். ஆடுவோரும் காண்போரும் ஒரே லயத்தைச் சேர்ந்தவர்கள். ஆகவே கதையின் முடிவு ஓர் இழப்பாக உணரப்படவில்லை. முடிந்தது மீளாது, புதியதொன்றைத் தேடியாக வேண்டும் என்ற உணர்வு ஒலிபரப்பின் வருகையோடு தோன்றியதாகும்.

1949 இல் இலங்கை வானொலி தனித் திணைக்களமாயிற்று. 1950 இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. 1967 இல் அது கூட்டுத்தாபனமாக மாற்றம் பெற்றது. இக்காலப்பகுதியில் சானா எனப் புகழ்பெற்ற எஸ். சண்முகநாதன் தமிழ் வானொலி நாடகத்தை வளர்த்தெடுத்தார். ‘இலங்கையர்கோன்’ எழுதிய ‘விதானையார் வீட்டில்’ போன்ற தொடர்கள் நேயர்களிடையே பெரு வரவேற்பைப் பெற்றன. எழுபதுகளில் மக்கள் வங்கியின் அனுசரணையுடன் ஒலிபரப்பான சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’, எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகள் கும்மாளம்’ என்பன நாடு முழுவதும் கேட்கப்பட்டன. பின்னையது 1976 இல் ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாகவும் வெளிவந்தது. வணிக நிறுவனங்களின் அனுசரணையில் தொடர் நாடகம் வாழ்வது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. முப்பதுகளில் அமெரிக்க வானொலியின் பகல்நேரத் தொடர்களைச் சவர்க்கார உற்பத்தியாளர் நடத்தியமையாலேயே அவற்றுக்குச் ‘சோப்பு நாடகம்’ என்ற பெயர் நிலைத்தது.

‘டிரான்சிஸ்டர்’ வானொலி பரவியபின், மின்சாரம் எட்டாத லயன்களிலும் இந்நாடகங்கள் ஒலிக்கலாயின. ஈண்டு ஒரு முரண்பாடு நோக்கற்பாலது. யாழ்ப்பாணக் கிராமத்துப் பேச்சு, முஸ்லிம் மக்களின் பேச்சு, சிங்களவர் பேசும் தமிழ் ஆகிய யாவும் வானொலியில் சுவையோடு ஒலித்தன. மலைச்சாரலின் கொழுந்து மலைகளில் வழங்கும் தமிழோ அத்தொடர்களின் நடுவிடத்தைப் பெறுவது அரிதாயிருந்தது. எழுதுவோர் இல்லாமையால் இந்நிலை ஏற்பட்டதெனக் கூறவியலாது. ‘ஒரு கூடைக் கொழுந்து’ என்னும் சிறுகதையால் அறியப்பட்ட என். எஸ். எம். இராமையா வானொலி நாடகமும் எழுதியவர். தெளிவத்தை ஜோசப் கதை வசனம் எழுத, வி. பி. கணேசன் தயாரித்த ‘புதிய காற்று’ 1975 இல் திரைக்கு வந்தது. கதைகள் இருந்தன, அவற்றை வாரந்தோறும் தாங்கிச் செல்லும் அனுசரணையே இருக்கவில்லை.

அக்காலத்தில் கொழும்பிலிருந்து எழுந்த தமிழொலி கடல்கடந்து தமிழகத்திலும் விரும்பிக் கேட்கப்பட்டது என்பதை மனங்கொள்ளுதல் வேண்டும். 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி தாயகம் அனுப்பப்பட்டோர் நீலகிரியிலும் பிற மாவட்டங்களிலும் குடியேறிய பின்னரும், தாம் பிறந்த கண்டிச் சீமையின் குரலை அவ்வானொலி வழியே கேட்க முடிந்தது. கதை அன்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றது. தொலைக்காட்சி இத்திசையை மாற்றியது.

1979 ஏப்ரல் 13 இல் சுயாதீனத் தொலைக்காட்சி சேவை தலைநகரை அண்டிய சிறு எல்லைக்குள் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. யப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் தன் சேவையை ஆரம்பித்தது. பிதுருதலாகலை உச்சியில் அமைந்த ஒளிபரப்பு நிலையம் மலைநாட்டுக்குப் படத்தைக் கொண்டுவந்தது. தோட்டங்களில் மின்னிணைப்புப் பெற்ற வீடுகள் அந்நாளில் மிகச் சிலவே. வாகனப் பற்றறியில் இயங்கும் கறுப்பு வெள்ளைப் பெட்டியைச் சுற்றி அயலவர் கூடியிருந்து பார்க்கும் வழக்கம் தோன்றியது. ஆயின் நாடகங்களிற் பெரும்பாலானவை சிங்கள மொழியில் அமைந்தன. தமிழ் நாடகம் அரிதாகவே காட்டப்பட்டது. அடுத்த ஆண்டே யூலை வன்செயல்கள் நிகழ்ந்தன. கண்டியும் சுற்றுப்புறங்களும் அவற்றிற்குத் தப்பவில்லை. தொடர்ந்த ஆண்டுகளில் தமிழ் ஒலிபரப்பிலும் நாடகத்திலும் தேர்ந்த கலைஞர் பலர் நாட்டைவிட்டு அகன்றனர். வானொலியில் பெற்ற பயிற்சி தொலைக்காட்சித் தமிழ் நாடகமாக மலரவேண்டிய வேளையில் அம்மரபின் தொடர்ச்சி அறுபட்டது.

இந்நிலையில் தமிழ்ச் சுவைஞரின் தேட்டம் முதலில் அயல்மொழியை நாடிற்று. வத்தேகம போன்ற இடத்தில் சிங்களம் சந்தை மொழி, பேருந்து மொழி, அலுவலக மொழி. ஆதலின் சிங்கள நாடகத்தைப் பார்த்து விளங்கிக்கொள்வது பலருக்குக் கடினமாயிருக்கவில்லை. இவ்வகையில் ‘ஒஷின்’ தனித்துச் சுட்டத்தக்கது. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை யப்பானில் 297 பகுதிகளாகக் காட்டப்பட்ட இத்தொடர் பின்னர் ரூபவாஹினியில் சிங்களம் பேசிற்று. வறிய குத்தகை விவசாயியின் மகளொருத்தி அரிசிக்கு ஈடாக வேலைக்கு அனுப்பப்படுவதில் அவளது துயரம் தொடங்குகின்றது. கொழும்பு வீடுகளுக்குப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பிய அனுபவம் தோட்டக் குடும்பங்களுக்குப் புதிதன்று. தம் சொந்த மொழியின் நாடகம் காட்டாத ஒரு துயரை, யப்பானியப் பனிவெளியில் நிகழ்ந்து சிங்களத்தில் பேசப்பட்ட ஒரு கதையில் அவர்கள் காணக் கூடியதாயிருந்தது. சுவைஞர் தேடுவது மொழியை மட்டுமன்று, தம் வாழ்வின் சாயலையும் ஆகும் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

தொடர் முடிவதைச் சுவைஞர் அமைதியாக ஏற்றுக்கொள்வர் எனக் கருதுதலும் பொருந்தாது. இந்தியத் தூர்தர்ஷனில் 1987 சனவரியில் தொடங்கிய ‘இராமாயணம்’ 1988 யூலையில் பட்டாபிடேகத்துடன் நிறைவெய்தியது. கதையின் எஞ்சிய பகுதியையும் காட்டவேண்டுமெனக் கோரி ஜலந்தர் நகரின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது வேறு நகரங்களுக்கும் பரவவே, உத்தரகாண்டத்தையும் தொடராக்க அரசு இணங்கிற்று. வான்மீகியைத் தம் குலமுதல்வராகப் போற்றும் அம்மக்கள், வான்மீகி கதைமாந்தராக இடம்பெறும் காண்டம் விடுபடுவதை ஏற்க மறுத்தனர். அவர்கள் பொழுதுபோக்கைக் கேட்கவில்லை. கதைக்குள் தமக்குரிய இடத்தைக் கேட்டனர்.

மலையகச் சுவைஞருக்கு அத்தகைய வாய்ப்பு ஏற்படவில்லை. 1998 இல் சக்தி தொலைக்காட்சி தோன்றியதும் நாள்முழுதும் தமிழ் ஒலிக்கும் அலைவரிசை கிடைத்தது. அதனூடாகவும், பின்னர் பரவிய செய்மதி இணைப்புகளூடாகவும் தமிழகத்தின் நெடுந்தொடர்கள் லயன்களை எட்டின. 1999 டிசெம்பர் முதல் 2001 நவம்பர் வரை ஓடிய ‘சித்தி’, 2002 முதல் 2005 வரை ஓடிய ‘மெட்டி ஒலி’, 2003 முதல் 2009 வரை 1,500க்கும் மேற்பட்ட பகுதிகளாக நீண்ட ‘கோலங்கள்’ ஆகியன அவற்றுட் சில. கொழுந்து பறிக்கும் பெண்களின் பேச்சில் சென்னைக் குடும்பங்களின் சொத்துத் தகராறுகள் இடம்பெறலாயின.

இத்தொடர்களின் அமைப்பில், சுவைஞரின் தேட்டத்தையே இல்லாதொழிக்கும் ஓர் உத்தி காணப்படுகின்றது. ‘சித்தி’ முடிந்து சில மாதங்களில் அதே நிறுவனம், அதே நடிகை ராதிகாவை முன்னிறுத்தி, அதே இரவு 9.30 மணிக்கு ‘அண்ணாமலை’யைத் தொடங்கியது. அதன்பின் ‘செல்வி’, ‘அரசி’, ‘செல்லமே’, ‘வாணி ராணி’ என 2018 வரை அவ்வரிசை நீண்டது. கதை மாறிற்று, முகமும் நேரமும் மாறவில்லை. விருப்பத் தொடர் முடிந்தபின் எதைப் பார்ப்பது என்ற வினாவைச் சுவைஞர் எழுப்புமுன்னரே அதற்கான விடை கொடுக்கப்பட்டுவிட்டது. காமன் கூத்தில் ஊர்மக்கள் தாமே அமைத்துக்கொண்ட மீள்வருகை, இங்கு வணிகத்தின் ஏற்பாடாக வடிவம் மாறியது எனலாம்.

2006 இல் இறக்குமதித் தொலைக்காட்சித் தொடர்கள் மீது வரி விதிக்கும் ஏற்பாட்டை இலங்கை அரசு கொண்டுவந்தது. உள்ளூர்க் கலைஞரைக் காப்பது அதன் நோக்கமாகக் கூறப்பட்டது. சிங்கள நாடகத் துறையைப் பொறுத்தவரை அவ்வாதத்தில் பொருளுண்டு. காப்பதற்கு அங்கு ஒரு துறை வளர்ந்திருந்தது. தமிழிலோ காப்பதற்குரியது முதலில் ஆக்கப்பட வேண்டியதாயிருந்தது. இலங்கைத் தமிழ்ச் சுவைஞரின் தொகை சிறிது. விளம்பர வருவாயும் அதற்கேற்பக் குறைவு. ஆயத்தமாகக் கிடைக்கும் தமிழகத் தொடரைப் பெறும் செலவோ புதிதாக ஒன்றைத் தயாரிக்கும் செலவினும் மிகக் குறைவு. இக்கணக்கின் முன் கலையார்வம் மட்டும் நின்று பிடிக்கவில்லை. 2009 இல் வசந்தம் தொலைக்காட்சி தோன்றியமை தமிழ் ஒளிபரப்பின் நேரத்தைக் கூட்டியது. நாடக ஆக்கத்தின் அடிப்படைப் பொருளாதாரத்தை அது மாற்றவில்லை.

2020 மார்ச்சில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு விதிக்கப்பட்டபோது இந்நிலையின் நொய்மை வெளிப்பட்டது. தமிழகத்தில் படப்பிடிப்புகள் நின்றன. தொடர்கள் இடைநடுவில் அறுந்தன. அலைவரிசைகள் பழந்தொடர்களை மறுபடி காட்டலாயின. தூர்தர்ஷனும் மார்ச் 28 முதல் ‘இராமாயணம்’ தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. எங்கோ ஒரு நகரில் படப்பிடிப்பு நின்றதும் வத்தேகமத்து மாலைப்பொழுது வெறுமையுறுமளவுக்கு அச்சார்பு முற்றியிருந்தது. கைத்தொலைபேசி பரவிய இன்று தேட்டம் தனிமனிதர் ஒவ்வொருவரின் கையிலும் நிகழ்கின்றது. கொரிய நாடகமும் துருக்கிய நாடகமும் எட்டும் தூரத்தில் உள்ளன. தெரிவு விரிந்துள்ளது. எனினும் அத்தெரிவுகளுள் மடுல்கலைத் தோட்டத்தின் கதையொன்றைத் தேடுவார்க்கு இன்றும் மிகச் சிலவே கிட்டும்.

மேற்கூறியவற்றால் ஓர் உண்மை புலனாகும். ஒரு தொடர் முடிவுறும் கணம் சுவைஞர் தம் விருப்பத்தை ஆராயும் கணமாகும். வத்தேகமப் பகுதியின் தமிழ்ச் சுவைஞர் அக்கணந்தோறும் தம் எல்லைக்கு வெளியே நோக்க வேண்டியவராயினர்: முதலில் யாழ்ப்பாணத்தை, பின்னர் அயல்மொழியை, அதன்பின் தமிழகத்தை. இவ்வாறு நோக்கியதால் அவர்கள் இழந்தது மட்டுமே உண்டு எனல் தவறு. ‘ஒஷின்’ வழி அண்டை மொழியின் நெருக்கத்தையும், தமிழகத் தொடர்வழி கடல்கடந்த உறவின் நினைவையும் அவர்கள் பெற்றனர். பெறாதது ஒன்றே: தம்மை நோக்கிப் பிறர் தேடிவரக்கூடிய ஒரு கதை.

1823 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு மலையகத் தமிழர் வருகையின் இருநூறாண்டு நிறைவு 2023 இல் நினைவுகூரப்பட்டது. அவ்வேளை தொகுக்கப்பட்ட வாய்மொழிச் சான்றுகளுள் உழைப்பின் வரலாறும் உரிமைப் போராட்டமும் முதன்மை பெற்றமை பொருத்தமானதே. அவற்றோடு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் லயத்து வானொலியைச் சுற்றி அமர்ந்தவர்கள் எக்கதைக்குச் சிரித்தனர், எக்கதை முடிந்தபோது வருந்தினர் என்பனவும் பதியப்படல் வேண்டும். அந்நேயர்களுள் எஞ்சியிருப்போர் இன்று முதுமையெய்தியுள்ளனர். வத்தேகமவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத பேராதனைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் மாணவர் இப்பணியை மேற்கொள்வாராயின், மலையகத்தின் தொடர் நாடகத்தை எழுத முற்படும் நாளைய எழுத்தாளனுக்கு அவன் சுவைஞர் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கும்.